பத்துக்கு எட்டு

கிருமாம்பாக்கத்தைத் தாண்டி, கடலூர் ரோட்டோரம் அந்தோணிசாமி சோடா கடை வைத்திருந்தார். சோடா கடை என்றதும் நீங்கள் ஒரு பெட்டிக்கடையை நினைத்துக்கொள்வீர்கள். அது அப்படி இல்லை. இரண்டு கல்யாணத்துக்கு ஒரே சமயத்தில் பந்தி போடலாம், அத்தனை பெரிய கொட்டகை. உள்ளே ஒரு மிஷின், ஒரு மேசை, கோலி பாட்டில் அடுக்கிய இரண்டு மரப்பெட்டி. மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. அந்த வழியாகப் போன வண்டிக்காரர்களில் "ஒரு சோடா மிஷினுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய கொட்டாய்?" என்று கேட்காதவர் கிடையாது. "சர்க்கார் உத்தரவு" என்பார் அந்தோணிசாமி. கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவர் சொன்னது முழு உண்மை.

எனக்கு அளவுகோல்கள் மேல் என்றைக்குமே பெரிய மரியாதை இல்லை. அந்தக் கொட்டகையின் கதையைக் கேட்ட பிறகு இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

கதை நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு தை, மாசியில், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தபோது. அந்தோணிசாமிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வயதுக்கு அவன் என்றே சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவன் அப்பாவும் தாத்தாவும் பச்சையப்பன் வீட்டுக் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவனும் பத்தொன்பது வயது வரை அங்கேதான் கரும்பு வெட்டினான். பிறகு ஒரு நாள் வெட்டுக்கத்தியை அம்மா காசம்மாளிடம் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் போய், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கழுவச் சேர்ந்தான். நாலு வருஷத்தில் மிஷின் சுற்றவும் கற்றுக்கொண்டான். முதலாளி புது மிஷின் வாங்கியபோது, பழையதை இவனுக்கே கொடுத்துவிட்டார். அதை வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினான்.

முதல் சோடாவைக் குடித்தது தெருக்கோடி வீட்டு அமிர்தம். நாற்று நடும்போது பக்கத்தில் நிற்கிறவர்களைச் சிரிக்கவைத்தே வேலையைக் கெடுக்கிறாள் என்று பெயர் வாங்கியவள். ஒரே மூச்சில் பாதி பாட்டிலைக் குடித்தாள். ஏப்பம் மூக்கு வழியாக வந்தது. கண்ணில் நீர் முட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் அந்தோணிசாமி விழுந்தவன்தான், கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அவள் அப்பா சாமிக்கண்ணு கெட்டவர் இல்லை, பயந்தவர். சைகோனில் காவல் வேலை பார்க்கும் ஒருவன் ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்குக் கப்பலில் வருவதாகவும், வந்தால் பெண் பார்ப்பான் என்றும் அவருக்குச் சேதி வந்திருந்தது. மாதச் சம்பளக்காரனை விட்டுவிட்டு மிஷின்காரனுக்குக் கொடுப்பதா என்று அவர் தயங்கினார். பொங்கல் கழித்து அந்தோணிசாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மிஷின் இருக்குது, சரி. கடை எங்க? மேரி காகிதம் எங்க? காகிதம் இல்லாம சோடா வித்தா மிஷினயே தூக்கிக்கினு பூடுவாங்க. அப்புறம் நீயும் கூலிக்குத்தான் போவ, எம் பொண்ணும் கூலிக்குத்தான் போவா."

"வாங்கிடறேன் மாமா."

"எப்ப? விபூதிப் புதனுக்குள்ள காகிதத்தக் கையில கொண்டாந்து காட்டு. மொத ரெண்டு ஓலைய வாசிக்கச் சொல்றேன். மூணாவது ஓலை காகிதத்தப் பாத்தப்புறந்தான். வரலன்னா பாஸ்குக்கு சைகோன்காரன் வர்றான், என்னக் கேக்காத."

கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்துத்தான் தாலி கட்ட முடியும். விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம். நாற்பது நாள் கல்யாணப் பேச்சே கிடையாது. தவக்காலம் முடியும்போது கப்பல் வந்து நிற்கும். கணக்கு அவ்வளவுதான்.

மேரி என்றால் மாதா இல்லை. ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீசுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். காசம்மாளுக்கு மட்டும் இந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவே இல்லை. மகன் மேரிக்கு மனுக் கொடுக்கப் போகிறான் என்றதும் நெற்றியில் சிலுவை போட்டு, கையில் ஒரு மெழுகுவத்தியும் கொடுத்து அனுப்பினாள்.

மேரி வாசலில் மனு எழுதுகிறவர் கேட்டார்: "கொட்டாய் நீளம் எவ்ளோ?"

"பத்து."

"அகலம்?"

"எட்டு."

அவர் எழுதினார். இவன் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டான், கடலூரில் கற்றது. ரோட்டோரம் அம்மா வழியில் வந்த மேட்டு நிலம் ஒன்று இருந்தது, கொள்ளு கூட ஒழுங்காக முளைக்காத இடம். அதில் மிஷினையும் ஒரு ஆளையும் பாட்டில் பெட்டியையும் வைக்கப் பத்துக்கு எட்டு போதும்.

ஆச்சரியம், இரண்டே வாரத்தில் கொட்டகை கட்ட உத்தரவு வந்தது. மேரியில் எழுத்தராக இருந்த சாமிநாதன் காகிதத்தைப் பிரெஞ்சில் வாசித்து, தமிழிலும் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாத மாட்டுக்குப் புல் போடமாட்டார். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்றார்கள். அவர் சொன்னதில் "பத்து மீட்டர், எட்டு மீட்டர்" என்று வந்தது. மீட்டர் என்பதை அந்தோணிசாமி ஏதோ சர்க்கார் மரியாதை என்று எடுத்துக்கொண்டான். நாம் ஆளுக்கு ஐயா சேர்ப்பதுபோல் அவர்கள் எண்ணுக்கு மீட்டர் சேர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். திங்கட்கிழமை நாலு மூங்கிலை நட்டு, கீற்று வேய ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமை சாமிநாதன் சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்தவர், காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"இது இன்னாப்பா, கோழிக்கூண்டா?"

"சோடா கொட்டாய் முசியே. நீங்க குடுத்த உத்தரவுதான்."

"நான் குடுத்தது பத்துக்கு எட்டு."

"இதுவும் பத்துக்கு எட்டுதான். அளந்து பாருங்க, ஒரு அடி கொறயாது."

சாமிநாதன் சைக்கிளை விட்டு இறங்கினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க அடி எங்கப்பா இருக்குது? அடி ஆத்துக்கு அந்தாண்ட, இங்கிலீஷ்காரன் கிட்ட. நம்ம பக்கம் மீட்டர். ஒரு மீட்டர் மூணேகால் அடிக்கு மேல வரும். இது காகிதத்துல இருக்கிற கொட்டாய் இல்ல."

"சின்னதாத்தான முசியே கட்டறேன், பெருசா கட்டினாத்தான தப்பு?"

"காகிதத்துல இருக்கறதுதான் கட்டணும். விபூதிக்கு முந்தின சனிக்கெழம நானே வந்து அளப்பேன். சரியா இருந்தாத்தான் சோடா போட உத்தரவு. காகிதத்த மாத்தணும்னா சபை கூடணும். அது பாஸ்கு கழிச்சுத்தான்."

அவருக்கு வருத்தம்தான், அது குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்தோணிசாமி தன் கோழிக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்தான். எழுந்து நின்றால் தலை இடித்தது. அது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

சேதி கேட்டு அமிர்தம் நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்தாள். அவன் அழுதிருந்தான் என்பது அவள் சொன்னது. இல்லை, கண்ணில் கீற்றுத் தூசி என்பது பின்னாளில் அவர் சொன்னது.

"காகிதத்த மாத்த முடியாதாம்" என்றான்.

"கொட்டாய மாத்தலாமில்ல?"

"பதினோரு மடங்கு வரும் அமிர்தம். கீத்துக்கு எங்க போறது, மூங்கிலுக்கு எங்க போறது?"

"அத்த நான் பாத்துக்கறேன். மீட்டர்னா எவ்ளோ நீளம், அத்தச் சொல்லு மொதல்ல."

அது ஊரில் யாருக்கும் தெரியவில்லை. முழம் தெரியும், சாண் தெரியும், கோல் தெரியும். மீட்டர் எங்கே இருக்கிறது என்றால் மேரியில் இருக்கிறது, துணிக்கடையில் இருக்கிறது. மறுநாள் அமிர்தம் தவளக்குப்பத்துக்கு நடந்துபோய், ஒரு ஜவுளிக்கடையில் வெள்ளைத் துணி ஒரு மீட்டர் கிழித்து வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் துணியைத் தரையில் பத்து தடவை விரித்துப் போட்டு முளை அடித்தார்கள். முளைக்கும் முளைக்கும் நடுவே நின்று பார்த்தபோது அந்தோணிசாமிக்குத் தலை சுற்றியது. அவன் சோடா மிஷின் அந்தப் பொட்டலில் தொலைந்துபோன ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது.

கீற்றுக்கு அமிர்தம் செய்த ஏற்பாடு எளிது. வீடு வீடாகப் போய் உதவி கேட்கவில்லை. கொட்டாயில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். எருதை மத்தியானம் நிழலில் கட்ட ஒருவருக்கு இடம் வேண்டும். அவர் பனங்கட்டை கொடுத்தார். தையலம்மாளுக்கு மகள் சடங்கை மழையில்லாத இடத்தில் வைக்க வேண்டும். அவள் வீட்டுப் பெண்கள் நாலு பேர் ஓலை முடைய வந்து உட்கார்ந்தார்கள். கும்மி அடிக்க, சீட்டாட, சண்டை போட்ட அண்ணன் தம்பி பொது ஆளை வைத்துப் பேச, ரோட்டில் நடந்து வருகிறவர்கள் கொஞ்சம் படுக்க, எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இல்லாமல்தான் அந்த ஊர் இத்தனை நாள் இருந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு மூலையை அமிர்தம் வாரி வழங்கினாள். நாலே மூலை உள்ள கொட்டகையில் அவள் பதினேழு மூலைகளைக் கொடுத்தாள் என்று கேள்வி.

வெட்டு ஆட்கள் பாதிப்பேர் கொட்டகையில் நின்றதால் கரும்பு தோட்டத்திலேயே நின்றது. பச்சையப்பன் தினம் ஒரு தடவை குடையோடு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கூலிக்காரர்கள் அவரை ஆண்டே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏண்டா அந்தோணி, ஒரு பாட்டிலு தண்ணி விக்கிறதுக்கு அரண்மன கட்டறியா? எங் கரும்ப யாருடா வெட்டறது?"

"சனிக்கெழம வரைக்கும் பொறுங்க ஆண்டே. எல்லாரும் வந்துருவாங்க, என்னத் தவிர."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் மறுநாளும் வந்தார். கொட்டகை வளர வளர அவர் நிற்கும் நேரமும் வளர்ந்தது. கூரை போட்ட பிறகு குடையை மடக்கிக்கொண்டு உள்ளேயே நின்று திட்டினார்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. சொன்னபடி சனிக்கிழமை காலை சாமிநாதன் சுருட்டிய நாடாவோடு வந்தார். ஊரே வந்திருந்தது. சாமிக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார். அன்றைக்குக் காகிதம் கிடைத்தால் நாளைக்கு மூன்றாவது ஓலை, திங்கட்கிழமை கல்யாணம், புதன்கிழமை விபூதி. கிடைக்காவிட்டால் கப்பல்.

சாமிநாதன் நாடாவின் ஒரு நுனியை ரோட்டுப் பக்கத்துத் தட்டியில் பிடிக்கச் சொல்லி, மறு நுனியோடு பின்தட்டி வரை நடந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"ஒம்போது மீட்டர், அறுவது. நாப்பது கொறயுது. கிட்டத்தட்ட ஒரு முழம்."

 அந்தோணிசாமி ஓடிப்போய் அந்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு வந்தான். "இத்த வச்சித்தான் முசியே அளந்தோம். ஒம்போதரயும் இல்ல, பத்து தடவ போட்டோம், கணக்குத் தப்பல."

சாமிநாதன் துணியை நாடாவோடு சேர்த்துப் பிடித்தார். இரண்டு விரல்கடை குறைந்தது.

"எந்தக் கடையில வாங்கின?"

அமிர்தம் கடையைச் சொன்னாள். சாமிநாதன் மெதுவாகத் தன் கோட்டுக் கையைப் பார்த்தார். பொங்கலுக்குத் தைத்த வெள்ளைக் கோட்டு. மணிக்கட்டுக்கு மேலேயே ஏறி நின்றுவிட்டது அதன் கை. தையல்காரனைத்தான் அவர் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார். துணி எடுத்ததும் அதே கடையில்.

அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. பிறகு நாடாவைச் சுருட்டினார்.

"வெயிலு தலைக்கு ஏறிப்போச்சு. தப்பா அளந்துட்டனோ என்னமோ. ஒரு சோடா குடு, குடிச்சிட்டு மறுபடி அளக்கறேன். நான் குடிக்கச்சே ரோட்டப் பாத்துக்கினுதான் குடிப்பேன். அது எம் பழக்கம்."

அந்தோணிசாமிக்குப் புரியவில்லை. அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. சாமிநாதன் மேசைக்கு முன் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து கோலியை அழுத்தியபோது வந்த சத்தத்திலேயே அவள் பின்தட்டியின் கட்டுக்கயிற்றை அறுத்துவிட்டாள். கூரைக் கீற்று வெளியே தாராளமாக நீட்டிக்கொண்டிருந்தது, தட்டியைத் தள்ளி வைக்க இடம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் சத்தம் இல்லாமல் தட்டியைத் தூக்கினார்கள். ஒரு மூலைக்கு ஆள் இல்லை. தட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. அங்கே மடக்கிய குடையோடு பச்சையப்பன் நின்றார்.

"ஆண்டே, புடிங்க" என்றாள் அமிர்தம், கெஞ்சலாக இல்லை, நடவில் பக்கத்து ஆளுக்குச் சொல்வதுபோல்.

அவர் குடையைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தார். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டுச் சுமையைத் தூக்கியவர்களோடு தோளுக்குத் தோள் நின்று ஒரு முழம் பின்னால் நடந்தார். செவுரு எம் மேல விழுமேன்னு புடிச்சேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த மனிதரை அந்த ஒரு முழத்துக்காகவே பிடிக்கும்.

சாமிநாதன் பாட்டிலை வைத்துவிட்டு எழுந்து அளந்தார். "பத்து மீட்டர், ரெண்டு. சரி." ஊர் மூச்சு விட்டது. "இப்ப அகலம்."

அகலத்தை அளந்ததும் அதே துணியால்தானே. மூச்சு மறுபடியும் நின்றது.

அவர் நாடாவைப் பிரிக்கவே இல்லை. "இன்னொரு சோடா குடு" என்றார். "இந்தத் தடவ கலரு."

அன்றைக்கு முசியே குடித்தது இரண்டு: ஒன்று நீளத்துக்கு, ஒன்று அகலத்துக்கு. பக்கத்தட்டி நகரும்போது மூங்கில் ஒன்று படீரென்று ஒடிந்தது. ரோட்டைப் பார்த்தபடியே அவர், "நல்ல கேஸு, நல்ல சத்தம்" என்றார். அதற்கு மேல் ஊரால் அடக்க முடியவில்லை. முதலில் தையலம்மாள் சிரித்தாள், பிறகு எல்லோரும். தட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அது ஒரு சாண் கூடவே போய்விட்டது. அளந்து பார்த்ததில் எட்டு மீட்டர் சொச்சம். கூடினால் குற்றமா என்று யாரோ கேட்டார்கள். கலரு கொஞ்சம் பெரிய பாட்டில் என்று சொல்லிவிட்டு, சாமிநாதன் பையிலிருந்து முத்திரை வைத்த காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சாமிக்கண்ணு அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், இதுவோ பிரெஞ்சு. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அந்தோணின்னு எங்க போட்டிருக்குது?" என்று கேட்டார். சாமிநாதன் விரல் வைத்துக் காட்டினார். அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குச் சேதி அனுப்புங்கப்பா" என்றார் சாமிக்கண்ணு. 

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. திங்கட்கிழமை தாலி. கொட்டகையில் பந்தி. ஒவ்வொருவரும் தனக்குக் கொடுத்த மூலையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்ததில் நடுவில் இடம் காலியாகக் கிடந்தது, அங்கே பெண்கள் கும்மி அடித்தார்கள். சோடா எல்லோருக்கும். கூலித் தெருக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே சமயத்தில் ஏப்பம் விட்டது அதுதான் முதல் தடவை. பச்சையப்பன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் குடித்தார், ஆனால் மூன்று பாட்டில் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, கல்யாணத்தைப் பதிய மேரிக்குப் போனார்கள். காசம்மாள் இப்போதும் மெழுகுவத்தி கொடுத்தனுப்பினாள். சாமிநாதன் தடித்த நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளை பெயர், வயது, ஊர். அப்பா தொழில் கூலி. அம்மா தொழில் கூலி. மாப்பிள்ளை தொழில் என்று கேட்காமலேயே அவர் சோடா வியாபாரி என்று எழுதினார், சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். சாமிக்கண்ணு தலையை ஆட்டினார்.

அடுத்தது பெண். பெயர், வயது, ஊர். தொழில் என்ற கட்டம் வந்ததும் வழக்கமாகக் கல்யாணப் பெண்களுக்குப் போடுகிற "தொழில் இல்லை" என்ற சொல்லுக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

"அங்க இன்னா எழுதறீங்க முசியே?" என்றாள் அமிர்தம்.

அவர் சொன்னார்.

"எட்டு வயசுலருந்து நாத்து நடறேன். அப்ப எனக்குத் தொழிலு இருந்துச்சு. இப்ப ஒரு கொட்டாயே கட்டியிருக்கேன், இப்ப இல்லியா?"

"உத்தரவு அவர் பேர்ல தானம்மா இருக்குது."

"சோடா அவரு போடுவாரு. விக்கறது யாரு? அவரு வித்தா, வர்றவங்கள்ட்ட கணக்குக் கேக்க வெக்கப்பட்டுக்கினு சும்மாவே குடுத்துருவாரு."

அந்தோணிசாமி, "நெசந்தான் முசியே" என்றான்.

சாமிநாதன் சாமிக்கண்ணுவைப் பார்த்தார். பெண்ணுக்கு ஒரு தொழில்காரனைத் தேடி அலைந்த அந்த அப்பா மகளைப் பார்த்தார். பிறகு, "அவ சொல்றத எழுதிக்குங்க முசியே" என்றார்.

சாமிநாதன் பேனாவை மையில் தொட்டு, மாப்பிள்ளைக்கு எழுதிய அதே சொல்லைப் பெண்ணுக்கும் எழுதினார்.